கேட்டில் பிடிபடாத காய்ச்சல்

கட்டுமான சைட்டில் சேஃப்டி வேலைக்கு வருகிறவனுக்கு முதல் வகுப்பிலேயே ஒரு வரிசையை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று முதலில் பார். முடியாதா, ஆபத்து குறைந்த வேறு வழியைப் பிடி. அதுவும் முடியாதா, ஆளுக்கும் ஆபத்துக்கும் நடுவே ஒரு தடுப்பைக் கட்டு. அதற்கப்புறம்தான் விதி, பயிற்சி, அறிவிப்புப் பலகை எல்லாம். இத்தனையும் செய்த பிறகு மிச்சம் இருப்பதற்குத்தான் ஹெல்மெட், கையுறை, ஹார்னஸ். ஸ்லாப் ஓரத்தில் தடுப்புக் கம்பி போடாமல் ஆளுக்கு ஹார்னஸை மாட்டிவிட்டு "சேஃப்டி பாத்தாச்சு" என்று நகர்ந்துவிடுகிற சூப்பர்வைசரோடு சண்டை போடுவதுதான் எங்கள் பிழைப்பில் பாதி.

2020ல் கொரோனா வந்தபோது ஊரே அந்த சூப்பர்வைசராக மாறிப்போனது. மாஸ்க் போடு, கை கழுவு, நெற்றியில் கருவியை நீட்டிச் சூடு பார். எல்லாம் கடைசிப் படியிலிருந்து ஆரம்பம்.

இதை இப்போது எழுதக் காரணம், புதிதாக சேஃப்டி கோர்ஸ் முடித்து எங்கள் சைட்டுக்கு வந்திருக்கும் புதுக்கோட்டைத் தம்பி ஒருவன். கோவிட் சமயத்தில் அவன் ஊரில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்திருக்கிறான். "அண்ணே, அப்ப எல்லாம் சைட்ட எப்படிண்ணே ஓட்டுனீங்க?" என்று டீ நேரத்தில் கேட்டான். பதில் டீ நேரத்துக்குள் அடங்கவில்லை. மிச்சத்தை இங்கே எழுதி வைக்கிறேன். சிங்கப்பூர் சைட்டைப் பற்றித்தான் எனக்குத் தெரியும், அதைத்தான் சொல்லப் போகிறேன்.

சிங்கப்பூரில் முதல் தொற்று உறுதியானது 2020 ஜனவரி 23. பிப்ரவரி 7ஆம் தேதி எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு ஏறியது. கடைகளில் அரிசியும் டாய்லெட் பேப்பரும் காலியான நாட்கள் அவை. அடுத்த சில நாட்களிலேயே சிலேத்தார் ஏரோஸ்பேஸ் ஹைட்ஸில் ஒரு கட்டுமான சைட்டில் வேலை பார்த்த பங்களாதேஷ் தொழிலாளி ஒருவருக்குத் தொற்று என்று செய்தி வந்தது. பிறகு அதே இடத்தோடு தொடர்புள்ளவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்து ஐந்து பேர் ஆனார்கள். ஐவருமே பங்களாதேஷ்காரர்கள். எங்கள் தொழிலுக்குக் கிடைத்த முதல் மணி அடிப்பு அதுதான்.

மணி கேட்டதும் எல்லா சைட்டிலும் நடந்தது ஒன்றே ஒன்று: கேட்டில் ஒரு மேஜை, ஒரு நோட்டு, ஒரு வெப்பமானி. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை சூடு பார்த்து எழுது.

அந்த வெப்பமானியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே ஆட்கள் சைட்டுக்கு வருவது லாரியின் பின்னால் உட்கார்ந்து. மேலே கூரை இருக்கும், பக்கவாட்டில் திறப்பு. விடியற்காலைக் காற்று அரை மணி, முக்கால் மணி நேரம் முகத்தில் அடிக்க, இறங்கி வருகிறவனின் நெற்றியில் கருவியைக் காட்டினால் 33.9 வரும், 34.2 வரும். அந்தக் கணக்குப்படி பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அளவு குளிர்ந்துபோனவர்கள். அதே ஆள் மதியம் வெயிலில் கம்பி கட்டிவிட்டு வந்தால் 37.8. ஹெல்மெட்டைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, நிழலில் பத்து நிமிடம் நிற்க வைத்துத் திரும்பப் பார்த்தால் 36.4. நோட்டில் எழுதுகிற பையன் சில நாள் கழித்து எல்லோருக்கும் 36.5, 36.6 என்று மாற்றி மாற்றி எழுத ஆரம்பித்துவிடுவான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. கருவி சரியாகவே காட்டியிருந்தாலும் அந்த மேஜையில் பெரிதாக ஒன்றும் பிடிபட்டிருக்காது. எங்கள் ஆட்கள் பெரும்பாலும் இளைஞர்கள். அவர்களில் மிகப் பலருக்குக் காய்ச்சலே இல்லாமல் தொற்று வந்து போயிருக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது.

எவ்வளவு பேருக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 2020ல் அரசாங்கமே கணக்கு வெளியிட்டது. விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 தொழிலாளர்களில் பிசிஆர் பரிசோதனையில் தொற்று உறுதியானவர்கள் 54,505. அதற்கு மேல், ரத்தப் பரிசோதனையில் 'முன்பே வந்து போயிருக்கிறது' என்று தெரிந்தவர்கள் 98,289. இரண்டையும் கூட்டினால் 47 சதவீதம். இரண்டு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்ததே தெரியாமல் வந்தவர்கள், வந்தது தெரிந்தவர்களைவிட அதிகம். கேட்டில் நின்ற வெப்பமானி யாரைத் தடுத்திருக்கும்?

சைட்டுக்குள் நாங்கள் வைத்த விதிகள் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஒரு மீட்டர் இடைவெளி, சாப்பாட்டு நேரத்தைப் பிரிப்பது, காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கை மொத்தக் கூட்டமாக வைக்காமல் குழுக் குழுவாக வைப்பது, விரல் ரேகை வைக்கிற வருகைப் பதிவுக் கருவியை எடுத்துவிட்டு முகம் பார்க்கிற கருவி வைப்பது எல்லாமே செய்தோம். ஆனால் மாலையில் அந்த ஆள் எங்கே போகிறான்? விடுதி அறையில் 12 பேர், சில இடங்களில் 20 பேர் வரை. இரண்டடுக்குக் கட்டில்கள். மேலே ஒருவன், கீழே ஒருவன். பொதுக் குளியலறை, பொதுச் சமையலறை. இதில் ரொம்ப முக்கியமான விஷயம், அந்தப் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு சைட்டில் வேலை பார்க்கலாம். ஒருவன் எம்ஆர்டி ரயில் சுரங்கப் பாதையில், ஒருவன் வீவக என்கிற அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி வேலையில், ஒருவன் கப்பல் பட்டறையில், இன்னொருவன் எங்கள் சைட்டில். பகலில் ஒரு மீட்டர் தள்ளி நிற்க வைத்தவனை ராத்திரி முழுக்க வேறு மூன்று சைட்டின் மூச்சுக் காற்றில் தூங்க வைத்தால் என்ன ஆகும்? புலம்பெயர் தொழிலாளர்களுக்காக இங்கே இயங்கும் டிடபிள்யூசி2 என்ற அமைப்பு மார்ச் 2020லேயே இதை எச்சரித்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருந்தது.

ஏப்ரல் 5ஆம் தேதி பொங்கோலில் உள்ள எஸ்11 விடுதியும் தோ குவானில் உள்ள வெஸ்ட்லைட் விடுதியும் தனிமைப்படுத்தப்பட்ட இடங்களாக அறிவிக்கப்பட்டன. இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 20,000 பேர். இரண்டு நாளில், ஏப்ரல் 7ல், நாடு முழுக்க 'சர்க்கிட் பிரேக்கர்' என்ற ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரல் 20ஆம் தேதி ஒரே நாளில் 1,426 புதிய தொற்றுகள், மிகப் பெரும்பாலும் விடுதித் தொழிலாளர்கள். அன்றிலிருந்தே கட்டுமானத் துறையில் ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற வேலை விசாக்கள் வைத்திருந்த எல்லோரும் அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்று உத்தரவு.

ஊரில் உங்களுக்கு ஒரு சித்தப்பா மகனோ மச்சானோ இங்கே இருந்திருந்தால் அந்த நாட்களின் வாட்ஸப் வீடியோ அழைப்புகள் ஞாபகம் இருக்கும். அதை நான் விவரிக்கப் போவதில்லை. நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

பூட்டிக் கிடந்த சைட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் அதைச் சொல்கிறேன். வேலை நடக்காத சைட்டில் ஆபத்து இல்லை என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். தோண்டிப் போட்ட அடித்தளக் குழியில் மழைத் தண்ணீர் நிற்கும். பம்ப் ஓடவில்லையென்றால் அது குளம். தாங்கு உத்திரங்கள் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று அளந்துகொண்டே இருக்க வேண்டும். வைரஸ் வந்துவிட்டது என்று மண் தள்ளுவதை நிறுத்தாது. இங்கே சாரத்தை ஏழு நாளைக்கு ஒருமுறையாவது அதற்குரிய சூப்பர்வைசர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சீட்டுகள் எல்லாம் ஏப்ரல் தேதியோடு மழையில் வெளுத்துப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தன. கிரேன், செயின் பிளாக், ஷேக்கிள் ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் காலாவதித் தேதி உண்டு. கொசு வேறு. 2020ல் சிங்கப்பூரில் டெங்கு 35,000 பேருக்கு மேல் வந்தது. அதுவரை எந்த ஆண்டிலும் வராத அளவு. ஆளில்லாத சைட்டுகளில் தேங்கிய தண்ணீருக்கும் அதில் பங்கு இருந்திருக்கலாம். ஒரு நோய்க்காகப் பூட்டினோம், இன்னொரு நோய் உள்ளே குடியேறியது.

ஜூன் 2க்குப் பிறகு மெல்லத் திறந்தார்கள். கட்டட, கட்டுமான ஆணையம் மூன்று நிபந்தனைகள் போட்டது: ஆட்கள் பாதுகாப்பாக இருக்க வேண்டும், சைட் பாதுகாப்பாக இருக்க வேண்டும், தங்குமிடமும் போக்குவரத்தும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். மூன்றும் சரியென்று காட்டினால்தான் அனுமதி. படிக்கும்போது அலுவலகத் தாள் மாதிரி இருக்கும். ஆனால் என் சர்வீஸில் ஒரு சைட்டைத் திறக்க 'உன் ஆள் எங்கே தூங்குகிறான், எதில் வருகிறான்' என்று கேட்ட முதல் அனுமதிப் படிவம் அதுதான். அதுவரை சேஃப்டி என்றால் வேலிக்கு உள்ளே மட்டும். வேலிக்கு வெளியே நடப்பது முதலாளி பாடு, விடுதிக்காரர் பாடு. எங்களுக்குச் சம்பந்தமில்லை.

அந்த மூன்றாவது நிபந்தனையில்தான் விஷயம் இருந்தது என்பது என் கட்சி. அதைச் செய்து முடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. ஒரே புராஜெக்டில் வேலை பார்க்கிறவர்கள் முடிந்தவரை ஒரே மாடியில், ஒரே பிளாக்கில் தங்க வேண்டும். அதாவது நாடு முழுக்க அறை மாற்றம். சப் கான்ட்ராக்டர்கள் மட்டுமே பதினைந்து இருபது பேர் இருக்கிற சைட்டில், ஒவ்வொருவரின் ஆளும் எந்த விடுதி, எந்த பிளாக், எந்த அறை என்று பட்டியல் வாங்கி, ஒன்றுசேர்த்து, லாரியில் பெட்டி படுக்கையோடு ஏற்றி இறக்க வேண்டும். பட்டியல் கேட்டபோது பல கம்பெனிகளுக்குத் தங்கள் ஆள் எந்தக் கட்டிலில் படுக்கிறான் என்பதே தெரியவில்லை.

ஆட்களுக்கு இது பிடிக்கவே இல்லை. பட்டுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர், கம்பி கட்டுகிற குழுவின் மூத்தவர், என்னிடம் நேராகவே கேட்டார்: "சார், எட்டு வருசமா ஒரே ரூமுல ஒரே அடுப்புல சமைச்சுச் சாப்புட்டோம். என் கொழுந்தியா மகனும் அதே ரூமு. இப்ப என்னைய இங்க, அவன அங்கன்னு பிரிச்சுட்டீங்க. நோய் வந்தா எனக்குக் கஞ்சி வச்சுக் குடுக்கப் போறது அவனா, உங்க போன் ஆப்பா?" நான் சொன்ன பதில் அவருக்குத் திருப்தியாக இல்லை. எனக்கும்தான். ஆனால் அறையையும் லாரியையும் சைட்டையும் ஒரே குழுவாகக் கட்டிய பிறகுதான், ஒருவனுக்குத் தொற்று வந்தால் மொத்த சைட்டையும் மூடாமல் அந்தக் குழுவை மட்டும் நிறுத்தி வைக்க முடிந்தது. தடுப்புச் சுவர் என்பது இதுதான். மாஸ்க் செய்ததைவிட இது பல மடங்கு செய்தது.

சைட்டுக்குள்ளும் அதே கதைதான். மண்டலம் பிரித்தோம். ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு நிறம், ஹெல்மெட்டில் அந்த நிற ஸ்டிக்கர். பச்சை ஸ்டிக்கர் மஞ்சள் மண்டலத்துக்குள் போகக் கூடாது. தனிக் கழிப்பறை, தனிச் சாப்பாட்டு இடம், தனித் தண்ணீர் டேங்க். ஏறுவதற்கு ஒரு படிக்கட்டு, இறங்குவதற்கு ஒன்று. ஆள் ஏற்றும் ஹாயிஸ்ட்டில் ஒரு நேரத்தில் ஒரே நிறம்தான்.

காகிதத்தில் இது அழகு. சைட்டில் கான்கிரீட் போடுகிற நாளன்று பாருங்கள். பம்ப் ஆபரேட்டர் ஒரு கம்பெனி, வைப்ரேட்டர் பிடிக்கிறவன் இன்னொரு கம்பெனி, தரம் பார்க்கிறவர் மூன்றாவது கம்பெனி. கடைசி நேரத்தில் எலக்ட்ரிகல் ஆள் ஒருவன் ஓடி வந்து "அண்ணே, ஒரு கான்டியூட் விட்டுப்போச்சு, அஞ்சே நிமிசம்" என்பான். அவன் மூன்று மண்டலத்துக்கும் போகிறவன். சாரம் பார்க்கிறவர், டவர் கிரேன் மெக்கானிக், மின் இணைப்பு ஆள், சர்வேயர் என்று எல்லைகளைத் தாண்டியே ஆக வேண்டியவர்கள் எந்த சைட்டிலும் இருப்பார்கள். சுவரில் ஓட்டை என்றால் அது இவர்கள்தான். அவர்களை நிறுத்த முடியாது, அதனால் நேரத்தைப் பிரித்தோம். ஒரு மண்டலத்து ஆட்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் சர்வேயர் உள்ளே போவார். சாரம் பார்ப்பது வேலை தொடங்குமுன். சத்தமே இல்லாமல் நன்றாக வேலை செய்த ஏற்பாடு அது.

இன்னொன்று, தூரம். சென்ட்ரிங் பேனலை இரண்டு பேர் தூக்கும்போது ஒரு மீட்டர் இடைவெளி எங்கிருந்து வரும்? கம்பிக் கட்டைத் தோளில் வைத்து நடக்கிற நாலு பேருக்கு நடுவில்? ஆரம்பத்தில் 'இடைவெளி பார்க்கும் அதிகாரி' என்று நியமிக்கப்பட்டவர்கள் இவர்களைத் துரத்திக்கொண்டே இருந்தார்கள். பிறகு புத்தி வந்து, ஜோடியை மாற்றாதே என்று மட்டும் சொன்னோம். இன்று யாரோடு தூக்குகிறாயோ அவனோடுதான் நாளையும். தூரத்தைக் கூட்ட முடியாத இடத்தில் ஆட்களின் எண்ணிக்கையைக் குறை. உண்மையில் பரவல் நடந்தது தூக்கும்போது அல்ல என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மாஸ்க்கை எல்லோரும் கழற்றுகிற இடங்கள் மூன்று: சாப்பாடு, சிகரெட், தூக்கம். அதிகாரிகள் போட்டோ எடுப்பது மட்டும் எப்போதும் வேலை செய்கிற இடத்தில்.

மாஸ்க்கே ஆபத்தான இடங்களும் இருந்தன. கிரேன் சுமைக்கு சிக்னல் கொடுக்கிறவன் வாயில் விசில் வைத்திருப்பான். மாஸ்க் போட்டுக்கொண்டு விசில் அடிப்பது எப்படி? வாக்கி டாக்கியில் மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு பங்களாதேஷ் பாய் சொல்கிற "ஸ்லோ, ஸ்லோ" என்பது மேலே உட்கார்ந்திருக்கும் சீன ஆபரேட்டருக்கு "கோ, கோ" என்று கேட்டால் இரண்டு டன் சுமை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். கை சைகையை அத்தனை பேருக்கும் முதலிலிருந்து திரும்பக் கற்றுக் கொடுத்தோம். பிளாஸ்டிக் முகக் கவசம் (ஃபேஸ் ஷீல்ட்) போட்டவனுக்கு மூச்சில் மங்கல் பிடித்து, கால் வைக்கும் பலகை தெரியாது. மாஸ்க் கயிறும் ஹெல்மெட் தாடைப் பட்டையும் காதுக்குப் பின்னால் சிக்கிக்கொள்ள, எரிச்சலில் பட்டையை அவிழ்த்துவிடுவான். குனிந்தால் ஹெல்மெட் விழும்.

கிருமிநாசினிக்கும் இதே கதைதான். பொது ஹார்னஸ்களைச் சுத்தம் செய்கிறேன் என்று ஸ்டோர்காரர்கள் பிளீச் கரைசலைத் தெளித்து ஊறவைத்தார்கள் சில இடங்களில். ஹார்னஸ் பட்டை செயற்கை இழை. குளோரின் அதன் நூலை அரிக்கும். பளிச்சென்று இருக்கும், விழும்போது பிடிக்காது. சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காய வைத்தால் போதும். அதைவிட நல்லது ஆளுக்கு ஒரு ஹார்னஸ், அவன் பெயர் எழுதி. ஸ்டோரில் பட்ஜெட் இல்லை என்பார்கள். கோவிட் வந்தபோது எப்படியோ பட்ஜெட் வந்தது. இன்னொன்று ஆல்கஹால் சானிடைசர். வெல்டிங் பாயிண்டுக்குப் பக்கத்திலேயே பாட்டிலை வைத்துவிட்டுப் போவார்கள். கையில் தடவி, காய்வதற்குள் கிரைண்டரை எடுத்தால் தீப்பொறிக்கு வேறென்ன வேண்டும்? வெல்டர்களுக்கு சானிடைசர் வேண்டாம், சோப்பும் குழாயும் போதும் என்று எங்கள் சைட்டில் எழுதியே ஒட்டினோம்.

பதினான்கு நாளைக்கு ஒருமுறை மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை. தொற்று இல்லை என்று முடிவு வந்தால் மனிதவள அமைச்சின் செயலியில் பச்சை. வராவிட்டால் சிவப்பு. காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் வணக்கத்துக்குப் பதில் "பச்சை விழுந்துச்சா?" என்பதுதான். பச்சை விழாதவன் லாரி ஏற முடியாது. நோயே இல்லாமல், ஏதோ தகவல் சேராமல் நாள்கணக்கில் சிவப்பில் நின்றவர்கள் உண்டு. ஆனாலும் வெப்பமானியைவிட நூறு மடங்கு உருப்படியான ஏற்பாடு இது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அறிகுறி இல்லாதவனை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்று ஏற்றுக்கொண்ட ஏற்பாடு.

ஆளை எங்கே தங்க வைப்பது என்ற கேள்வி ஊரிலும் எழுந்தது. 2020 ஏப்ரல் 15 தேதியிட்ட இந்திய உள்துறை அமைச்சக உத்தரவு, நகரங்களில் ஆட்கள் சைட்டிலேயே தங்கியிருந்தால் மட்டும் வேலையைத் தொடரலாம், வெளியிலிருந்து ஆள் கூட்டி வரக் கூடாது என்றது. லிஃப்ட்டிலும் ஹாயிஸ்ட்டிலும் அளவைப் பொறுத்து 2 அல்லது 4 பேர், ஷிஃப்டுகளுக்கு நடுவே 1 மணி நேர இடைவெளி, ஆட்களை ஏற்றி வரும் வண்டியில் 30, 40 சதவீதம் பேர் மட்டும், குட்கா புகையிலை கூடாது, துப்பக் கூடாது. சென்னையில் சைட் இன்ஜினியராக இருக்கும் என் மச்சான் அந்தக் கடைசி விதியைப் படித்துவிட்டு அரை மணி நேரம் சிரித்தான். ஆனால் 'சைட்டிலேயே தங்கியிருப்பவர்கள் மட்டும்' என்பது சரியான யோசனை. தூங்கும் இடமும் வேலை செய்யும் இடமும் ஒன்றாகிவிட்டால் நடுவில் பயணம் இல்லை. கோளாறு அந்தத் தகரக் கொட்டகையில். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஏப்ரல் வெயிலில் அதற்குள் அடைந்து கிடந்து, சம்பளம் வருமா என்று தெரியாமல், மே மாதம் சிறப்பு ரயில்கள் ஓட ஆரம்பித்ததும் ஏறிப் போய்விட்டார்கள். வேலைக்கு அனுமதி இருந்தது, ஆள் இல்லை.

ஆள் இல்லாமை என்றதும் ஞாபகம் வருகிறது. தம்பிக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதைத்தான்.

சிங்கப்பூரில் வேலையிடத்தில் இறந்தவர்கள் எல்லாத் துறைகளும் சேர்த்து 2020ல் 30 பேர். சைட்டுகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்ததும் அந்த எண்ணிக்கைக்கு ஒரு காரணம். 2021ல் 37. 2022ல் 46. கட்டுப்பாடுகள் தளரத் தளர, சாவு ஏறியிருக்கிறது. விழுந்தும், வண்டி மோதியும், பாரம் நசுக்கியும் ஏற்பட்ட சாவுகள். காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். சட்டம் போட்டு கட்டுமான ஒப்பந்தங்களுக்கு 122 நாள் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். அது நல்ல காரியம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பின்தங்கிய வேலை அதைவிட அதிகம். ஏப்ரல் 2021ல் இந்தியாவில் இரண்டாம் அலை வந்ததும் அங்கிருந்து ஆட்கள் வருவது நின்றது. ஊருக்குப் போனவனால் திரும்ப முடியவில்லை, புதியவனால் வர முடியவில்லை. ஐந்து பேர் வேலையை மூன்று பேர் செய்தார்கள். அந்த மூவரில் ஒருவன் வேறு தொழிலிலிருந்து இழுத்து வரப்பட்டவன். ஆபத்தான வேலைக்கு முன் பெர்மிட் போட நேரமில்லை, தடுப்புக் கம்பி கட்ட ஆளில்லை. சேஃப்டி ஆட்களோ செயலியிலும் ஸ்டிக்கரிலும் மூழ்கியிருந்தார்கள். எந்த மண்டலத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் டக்கென்று சொல்வார்கள். ஏழாவது மாடித் திறப்புக்கு மூடி போட்டாயிற்றா என்று கேட்டால் முழிப்பார்கள். இது நான் பல சைட்டில் பார்த்தது. கடைசியில் 2022 செப்டம்பர் 1லிருந்து 2023 மே 31 வரை 'தீவிரப் பாதுகாப்புக் காலம்' என்று மனிதவள அமைச்சே அறிவிக்க வேண்டி வந்தது.

தொற்றுக் காலத்து சேஃப்டி என்று தனியாக ஒன்றும் இல்லை, தம்பி. ஆள் குறைவு, நேரம் குறைவு, புது விதி அதிகம் என்று மூன்றும் ஒன்றாக வந்தால், பழைய ஆபத்துகளெல்லாம் அப்படியே நின்று காத்திருக்கும். பிளீச் அடித்த ஹார்னஸை மாட்டிக்கொண்டு, மங்கிய முகக் கவசத்தோடு, ஜோடி இல்லாமல் ஒருவன் ஓரத்தில் நிற்கிறான் என்றால் அவனுக்குக் கொரோனா நெகட்டிவ் என்பதில் யாருக்கு என்ன லாபம்?

ஆட்கள் கொடுத்த விலையைப் பற்றியும் ஒரு வரி. விடுதிகள் ஆகஸ்ட் 2020லேயே தொற்று நீங்கியதாக அறிவிக்கப்பட்டன. ஆனால் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நின்று நாலு ஊர்க்காரனைப் பார்ப்பது என்பது திரும்ப வர வெகு காலம் ஆனது. செப்டம்பர் 2021ல்தான் சோதனை முயற்சியாக வாரத்துக்கு 500 பேர் வரை லிட்டில் இந்தியா போகலாம் என்றார்கள். அலுவலகத்தில் இருந்த நாங்கள் அதற்கு முன்பே ஹோட்டலில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஆட்களை அப்படி அடைத்து வைத்தது பாதுகாப்புக்காக என்று என்னிடம் யாராவது சொன்னால் இப்போதும் கொஞ்சம் குரலை உயர்த்துவேன். வேலைக்கு வர பாதுகாப்பானவன் கோயிலுக்குப் போக மட்டும் எப்படி ஆபத்தானவன் ஆனான்?

இப்போது சைட்டில் மிஞ்சியிருப்பது கொஞ்சம். சாப்பாட்டு நேரத்தைப் பிரித்தது தங்கிவிட்டது, நெரிசல் இல்லாததால் ஆட்களுக்கே பிடித்துப்போனது. கை கழுவும் குழாய்கள் இருக்கின்றன. பெயர் எழுதிய ஹார்னஸ் பாதி சைட்டில் இருக்கிறது. ஸ்டிக்கரும் முகக் கவசமும் போயே போய்விட்டன, நல்லது. லாரியில் ஆள் ஏற்றுவது அப்படியேதான் தொடர்கிறது. விடுதிகளுக்குப் புது அளவுகோல் வந்திருக்கிறது: புதிதாகக் கட்டப்படும் விடுதியில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர், கட்டிலுக்குக் கட்டில் 1 மீட்டர். பழைய விடுதிகள் இடைக்கால அளவை எட்ட 2030 வரையும், முழு அளவை எட்ட 2040 வரையும் அவகாசம் உண்டு.

அதுவரை நான் செய்கிற ஒரு சின்ன வேலையைத் தம்பிக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். புது சப் கான்ட்ராக்டர் உள்ளே வரும்போது ஆட்களின் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழோடு, எந்த விடுதி, எந்த அறை, எந்த லாரி என்ற பட்டியலையும் கேள். சட்டத்தில் இப்போது அது கட்டாயமில்லை. சில கம்பெனிகள் அன்று மாலையே அனுப்பிவிடும். சில கம்பெனிகள் "இது உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்கும். போன வாரம் அப்படிக் கேட்ட ஒருவருக்குத் தம்பியே போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். நான் குறுக்கே பேசவில்லை.